புளியரைக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம்: ஒரு லினக்ஸ் கதை

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. வழக்கமா இங்கே குற்றாலத்துல தண்ணி விழுதா இல்லையா, கிரப் ஏன் மக்கர் பண்ணுது, பழைய லேப்டாப்புல எந்த டிஸ்ட்ரோ ஓடும்னு எழுதிக்கிட்டிருக்கேன். இன்னைக்குக் கொஞ்சம் சரித்திரம். நம்ம ஊர் சரித்திரம்தான், பயப்படாதீங்க. கடைசியில ஒரு வாக்குமூலமும் இருக்கு.

தென்காசியில பஸ் ஏறினா செங்கோட்டை கால் மணி நேரம். அப்புறம் புளியரை, செக்போஸ்ட், கோட்டவாசல், ஆரியங்காவு. அங்கிருந்து கேரளா. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம்தான் இருந்தது. மாநிலங்களைப் பிரிச்சப்ப இந்தப் பக்கம் வந்துச்சு. அதனால கல்யாணம், காதுகுத்து, நிலம், மிளகு வியாபாரம்னு எல்லாமே இன்னும் மலையைத் தாண்டித்தான் நடக்கும். எங்க அத்தையைக் கட்டிக்கொடுத்தது புனலூர்ல. இந்தக் கதை அங்கேதான் ஆரம்பிக்குது.

2007-ம் வருசம். ஆடி மாசம், நல்ல சாரல். அத்தைக்கு உடம்பு சரியில்லைன்னு பார்க்கப் போனேன். அப்ப மீட்டர் கேஜ் ரயில் ஓடிக்கிட்டிருந்தது (1904-ல போட்ட பாதை, 2010-ல அகலப்பாதைக்காக நிறுத்தி 2018-லதான் மறுபடி முழுசா ஓட ஆரம்பிச்சது). பகவதிபுரம் தாண்டி குகைக்குள்ள நுழைஞ்சா ரெண்டு பக்கமும் தண்ணி வழியும். பதிமூணு கண் பாலத்துல எல்லாரும் எட்டிப் பார்ப்பாங்க. நான் பையில ஒரு உபுண்டு சிடி வச்சிருந்தேன். அத்தான் புதுசா கம்ப்யூட்டர் வாங்கியிருக்காருன்னு கேள்விப்பட்டு, "லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு தெரியுமா"ன்னு கொஞ்சம் பெருமை அடிச்சுக்கலாம்னு ஒரு எண்ணம்.

அங்கே போனா அத்தான் மகள், முறைக்கு எனக்கு மருமகள், ஒன்பதாம் வகுப்பு, கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்திருக்கா. திரையில லினக்ஸ். தனிமங்களோட அட்டவணை ஒண்ணைத் திறந்து வச்சு நோட்டுல என்னமோ எழுதிக்கிட்டிருக்கா. அந்த மென்பொருள் பேரே கால்சியம்! நான் சிடியை எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இது எங்க ஸ்கூல்ல இருக்கிறதுதானே மாமா, ஆனா உங்களுதுல ஐடி சிலபஸ் சாமான் எல்லாம் இருக்காது"ன்னா. அவங்க டீச்சர் வகுப்புல யார் யார் வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கோ அவங்களுக்கெல்லாம் ஒரு சிடி பிரதி எடுத்துக் கொடுத்திருக்காங்க. திருட்டு இல்ல, தாராளமா கொடுக்கலாம். "ஸ்கூல்ல ரூட் பாஸ்வேர்டு மட்டும் டீச்சர்கிட்ட இருக்கும், வீட்டுல என்கிட்ட இருக்கு"ன்னு சொன்னப்ப அவ முகத்துல இருந்த பெருமை இருக்கே... என் பெருமை எல்லாம் பைக்குள்ளயே போயிருச்சு.

சரி, அங்கே மட்டும் எப்படி?

கேரளாவுல 2001-ல 'ஐடி அட் ஸ்கூல்'னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. அதே வருசம் ஜூலையில ரிச்சர்ட் ஸ்டால்மேன் திருவனந்தபுரம் வந்து இந்தியாவுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வச்சார். ஆனா பள்ளிக்கூடத்துல முதல்ல வந்த பாடம் விண்டோஸ்தான். ஒரே கம்பெனியோட பொருளை அரசாங்கப் பாடமா நடத்துறதான்னு ஆசிரியர் சங்கம் எதிர்த்தது. எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சது. எதிர்த்தது கம்ப்யூட்டர்காரங்க மட்டும் இல்ல, கணக்கு வாத்தியாரும் சயின்ஸ் டீச்சரும்கூட. அப்புறம் ரெண்டும் இருக்கட்டும்னு கொஞ்ச நாள் ஓடி, 2006-ல அச்சுதானந்தன் அரசு வந்த பிறகு லினக்ஸ்னு உறுதியாச்சு. பத்தாம் வகுப்பு ஐடி செய்முறைத் தேர்வும் அதுலதான்னு ஆச்சு. வருசத்துக்கு நாலரை, அஞ்சு லட்சம் பிள்ளைங்க எழுதுற தேர்வு!

தேர்வுன்னா சும்மா இல்ல மக்களே. தேர்வு லினக்ஸ்ல நடக்கும்னா ஸ்கூல்ல இருக்கிற மெஷின்ல லினக்ஸ் ஓடியே ஆகணும். ஓடலைன்னா சரிபண்ண ஆள் வேணும். அதுக்காக ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலயும் ஒரு வாத்தியாரை ஐடி ஒருங்கிணைப்பாளரா போட்டாங்க. அவருக்கு மாஸ்டர் டிரெய்னர் வந்து சொல்லிக்கொடுப்பார். எல்லா ஸ்கூலுக்கும் ஒரே சிடி. அதனால ஒரு ஊர்ல வர்ற பிரச்சினைக்குக் கண்டுபிடிச்ச மருந்து அடுத்த ஊருக்கும் செல்லும். நிர்வாகம்னு நாம பெரிசா பேசுறோமே, அது இதுதான். ஐம்பது ஊர்ல ஐம்பது விதமா நிறுவி வச்சா ஒருத்தனாலயும் சமாளிக்க முடியாது.

இனி இந்தப் பக்கம்.

நான் லினக்ஸ் கத்துக்கிட்ட கதை எல்லாருக்கும் இருக்கிற கதைதான். டயல்-அப் காலத்துல மெஷினுக்குள்ள இருந்த மோடம் விண்டோஸ் இல்லாம பேசவே பேசாத ரகம். அதாவது பாதி வேலையை மென்பொருள்தான் செய்யும், அந்த மென்பொருள் லினக்ஸுக்குக் கிடையாது. லினக்ஸ்ல நெட் வரணும்னா டிரைவர் வேணும், டிரைவர் வேணும்னா நெட் வேணும். கோழியா முட்டையா கதை. 2005-ல பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்த பிறகுதான் மூச்சு வந்துச்சு. மோடத்தையே டயல் பண்ண வச்சுட்டா (192.168.1.1-ல போய் பாஸ்வேர்டைப் போட்டு வைக்கிறது) கம்ப்யூட்டருக்கு வெறும் நெட்வொர்க் கார்டு மட்டும் தெரிஞ்சா போதும், எந்த டிஸ்ட்ரோவா இருந்தாலும் நெட் வந்துரும். இந்த ஒரு வரியைச் சொல்லித் தர ஆள் இல்லாம மூணு மாசம் அலைஞ்சிருக்கேன். உபுண்டுகாரங்க கேட்டவங்களுக்கெல்லாம் தபால்ல இலவசமா சிடி அனுப்பினாங்க, 2011 வரைக்கும். எங்க தெரு போஸ்ட்மேன் "வெளிநாட்டுலேர்ந்து என்னவே அடிக்கடி வருது?"ன்னு சந்தேகமா கேட்பார். (சாரல் காலத்துல அந்த சிடி மேல பூஞ்சை பூக்கும். அரிசி டப்பாவுக்குள்ள போட்டு வைப்பேன்.)

தமிழ் தெரிய வைக்கிறது தனிப் பாடு. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாகணும். லினக்ஸ்ல தமிழ் அப்ப ஒண்ணும் பின்தங்கி இல்ல. 2000 வாக்குலேயே கேடிஇ மேசைத்தளத்தைத் தமிழாக்குற வேலையை உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் ராத்திரி கண்ணு முழிச்சு பண்ணிக்கிட்டிருந்தாங்க. 1999-ல சென்னையில நடந்த மாநாட்டுல தமிழ்99 விசைப்பலகை, டாம், டாப்னு தரம் எல்லாம் அறிவிச்சாச்சு. இன்னொரு பக்கம் திஸ்கி. அப்புறம் யூனிகோட். நம்ம அரசு யூனிகோடை முறைப்படி ஏத்துக்கிட்டது 2010 கோவை செம்மொழி மாநாட்டு சமயத்துல. இந்தக் குறியாக்கக் குழப்பத்துல பழைய மடல்கள் பலருக்கும் பூச்சி பூச்சியா தெரியும். உங்ககிட்டயும் திஸ்கியில சேமிச்ச பழைய கோப்பு இருந்தா தூக்கிப் போட்டுராதீங்க. லினக்ஸ்ல ஐகான்வ்னு ஒரு கட்டளை உண்டு, அதோட பட்டியல்ல திஸ்கி இன்னைக்கும் இருக்கு. திஸ்கியிலேர்ந்து யுடிஎஃப்-8னு சொன்னா ஒரு நொடியில மாத்திக் கொடுத்துரும். எங்க அப்பா எனக்கு 2002-ல அனுப்பின மடல்களை நான் அப்படித்தான் மீட்டேன்.

(இன்னொரு குறிப்பு. வீட்டு மெஷின்ல மொழியைத் தமிழ்னு வையுங்க, நல்லது. சர்வர்ல மட்டும் வேண்டாம். பிழைச் செய்தி தமிழ்ல வந்தா அதை நெட்டுல தேடி ஒரு பதிலும் கிடைக்காது. எழுத்து யுடிஎஃப்-8, செய்தி ஆங்கிலம். அதுதான் நிம்மதி.)

ஆக, சாமான் இருந்துச்சு. அரசாங்கத்துலயும் அக்கறையான ஆள் இருந்தார். 2006-லேர்ந்து 2008 வரைக்கும் எல்காட் நிர்வாக இயக்குநரா இருந்த உமாசங்கர் ஐஏஎஸ், அந்த அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கு மாத்தினார். அரசு வாங்குற மெஷின்கள்லயும் லினக்ஸ் வரட்டும்னு நின்னார். கேரளாவும் நாமளும் ஏறக்குறைய ஒரே வருசத்துலதான் கிளம்பினோம், அதைக் கவனிங்க. மத்திய அரசோட சிடாக் சென்னையில டெபியனை வச்சு பாஸ்னு ஒரு இயங்குதளத்தை 2007-ல வெளியிட்டது. செஞ்சதே நம்ம சென்னையில! ஆனா 2008-ல உமாசங்கர் அங்கிருந்து மாறிப் போனார். அதோட வேகம் குறைஞ்சிருச்சு. அந்தப் பக்கம் அதைத் தாங்கிப் பிடிக்க ஆயிரக்கணக்கான வாத்தியார்கள் இருந்தாங்க. இந்தப் பக்கம் ஒரு அதிகாரி இருந்தார். எனக்குத் தெரிஞ்ச வித்தியாசம் அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சுன்னா அது ஒரு தமாஷ். பன்னிரண்டாம் வகுப்பு கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்துல அப்ப ஸ்டார் ஆபீஸ் பாடம். எம்எஸ் ஆபீஸ் இல்ல, ஸ்டார் ஆபீஸ்! லினக்ஸ்லயும் ஓடுற சரக்கு. ஆனா நான் பார்த்த லேப்ல எல்லாம் அதை விண்டோஸ் மேல போட்டுத்தான் நடத்தினாங்க. பிள்ளைங்க மெனுவை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினாங்க. பரீட்சை முடிஞ்ச மறுநாள் ஸ்டார் ஆபீஸ்னா என்னன்னே தெரியாது.

அப்புறம் வந்தது பாருங்க லேப்டாப்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். அன்னைக்கு ஜெயலலிதா தொடங்கி வச்ச இலவச மடிக்கணினித் திட்டம். முதல் வருசமே ஒன்பது லட்சத்துக்கும் மேல. அதுல எந்த இயங்குதளம்னு டெண்டர் சமயத்துல பெரிய சண்டை நடந்துச்சு, லினக்ஸ் ஆர்வலர்கள் கொதிச்சுப் போனாங்க. கடைசியில கைக்கு வந்த மெஷின்ல ரெண்டும் இருந்தது. பவர் பட்டனை அழுத்தினா கிரப் பட்டியல். ஒரு வரி விண்டோஸ், ஒரு வரி பாஸ் லினக்ஸ்.

யோசிச்சுப் பாருங்க. பாவூர்சத்திரத்துல பீடி சுத்துற அம்மா, சுரண்டையில காய்கறி மூட்டை தூக்குற அப்பா, இலஞ்சியில வயல் வேலை. அந்த வீடுகள்ல எல்லாம் ஒரே வருசத்துல லினக்ஸ் போய்ச் சேர்ந்துருச்சு. எண்ணிக்கையில பார்த்தா கேரளா பள்ளிக்கூடங்களுக்குப் போட்டதைவிட பல மடங்கு. லினக்ஸ் சரித்திரத்துலயே இவ்வளவு வீட்டுக்குள்ள ஒரே நேரத்துல நுழைஞ்ச இடங்கள் கொஞ்சமாத்தான் இருக்கும்னு நெனைக்கிறேன்.

நுழைஞ்சு என்ன ஆச்சு?

வாக்குமூலம் இங்கேதான். அதை அழிச்சவன்ல நானும் ஒருத்தன்.

"கம்ப்யூட்டர் தெரிஞ்ச அண்ணாச்சி"ன்னு எங்க தெருவுல எனக்குப் பேரு. 2012-ல கரண்ட்டு எப்ப இருக்கும் எப்ப போகும்னே தெரியாது. அந்த நேரத்துல பேட்டரியில ஓடுற ஒரு சாமான் வீட்டுல இருக்கிறது பெரிய விஷயம். பசங்க ராத்திரி எல்லாம் படம் பார்ப்பாங்க. 320 ஜிபி டிஸ்க் நெறைஞ்சு போகும். உடனே என்கிட்ட வருவாங்க. "அண்ணே, இதுல பாஸ்னு ஒண்ணு இடத்தை அடைச்சுக்கிட்டு கெடக்கு. எடுத்து விட்ருங்க."

முதல்ல சில பசங்க தாங்களே அழிச்சுட்டு வந்தாங்க. அது இன்னும் வம்பு. விண்டோஸ்ல டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து லினக்ஸ் பார்ட்டிஷனைத் தூக்கிட்டா, டிஸ்கோட முதல் செக்டர்ல கிரப்போட தலை மட்டும் இருக்கும், உடம்பு இருக்காது. அடுத்த தடவை ஆன் பண்ணினா கறுப்புத் திரையில "கிரப் ரெஸ்க்யூ"ன்னு நிக்கும். பையன் அழுதுக்கிட்டு வருவான், சர்க்கார் லேப்டாப் கெட்டுப்போச்சுன்னு. விண்டோஸ் சிடியைப் போட்டு பூட்ரெக் கட்டளையால எம்பிஆரைத் திருப்பி எழுதினா சரியாயிரும். ரெண்டு நிமிஷ வேலை. பண்ணிக் கொடுத்தேன். அப்புறம் "நீங்களே அழிச்சு நீங்களே எம்பிஆரும் எழுதிருங்கண்ணே"ன்னு நேரா கொண்டுவர ஆரம்பிச்சாங்க. அதையும் பண்ணிக் கொடுத்தேன். கணக்குப் பார்த்தா இருபதுக்குக் குறையாது. ஒருத்தன்கிட்டயாவது "இரு தம்பி, இதை ஒரு தடவை திறந்து பார்ப்போம்"னு சொன்னேனான்னா, சொல்லல. லினக்ஸ் பத்தி ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் பதிவு எழுதிக்கிட்டிருந்த அதே ஆள்தான்.

ஏன் சொல்லலைன்னு பின்னாடி யோசிச்சிருக்கேன். சொன்னா அடுத்த கேள்வி வரும். சவுண்ட் வரலைன்னா? பிரிண்டர் எடுக்கலைன்னா? இதுல என்ன படிக்கிறது, பரீட்சையில வருமா? எல்லாத்துக்கும் நான்தான் பதில் சொல்லணும். புனலூர்ல அந்த வேலைக்கு ஒரு டீச்சர் இருந்தாங்க, அவங்களுக்கு மேல ஒரு டிரெய்னர் இருந்தார். இங்கே தெருவுக்கு ஒரு அண்ணாச்சி, அவனும் சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்த களைப்புல இருக்கிறவன். தமிழ்ல கையேடு? அதுவும் அப்பதான் முளைச்சுக்கிட்டிருந்தது. கணியம் இதழ் 2012 ஜனவரியிலதான் ஆரம்பிச்சது. 'எளிய தமிழில்' வரிசைப் புத்தகங்கள் அதுக்கப்புறம் ஒண்ணொண்ணா வந்துச்சு. லேப்டாப்போட சேர்த்து அப்படி ஒண்ணு பசங்க கையில இருந்திருந்தா...

நியாயமா இன்னொரு பக்கமும் சொல்லணும். கேரளாவுல எல்லாம் சொர்க்கம்னு நான் சொல்லல. என் மருமகள் காலேஜ் போனதும் விண்டோஸ்தான் வாங்கினா, வேலையும் விண்டோஸ்லதான். "அது ஸ்கூல்ல படிச்சது மாமா"ன்னு ஏதோ இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு மாதிரி சொல்லுவா. அங்கேயும் பரீட்சைக்காகத்தான் பலர் படிச்சாங்க. ஆனா ஒரு விஷயம், அவளுக்கு டெர்மினலைக் கண்டா பயம் கிடையாது. அந்தத் திட்டமும் நிக்கல. 2017-ல கைட்னு தனி நிறுவனமாச்சு, 2018-ல பசங்களையே வச்சு லிட்டில் கைட்ஸ்னு சங்கம் ஆரம்பிச்சாங்க. ரெண்டு லட்சம் மெஷின், உரிமக் கட்டணம் மூவாயிரம் கோடி மிச்சம்னு 2019-ல அவங்க கணக்கு சொன்னாங்க. மிச்சக் கணக்கை நான் அவ்வளவா நம்புறதில்ல, விண்டோஸா இருந்தா அவ்வளவு மெஷின் வாங்கியிருக்கவே மாட்டாங்க. இந்தப் பக்கமும் 2018 புதுப் பாடத்திட்டத்துல பதினொண்ணாம் வகுப்புக்கு விண்டோஸோட உபுண்டுவும் சேர்ந்துச்சு. லேப்டாப் கொடுத்து ஏழு வருசம் கழிச்சு.

இதுல ஒரு வேடிக்கை. நாங்க பாஸை அழிச்சுக்கிட்டிருந்த அதே 2011-லதான் மத்தளம்பாறை பக்கம் ஸ்ரீதர் வேம்புவோட கம்பெனி ஆபீஸ் போட்டது. குற்றாலத்துலேர்ந்து பக்கம்தான். முதல்ல "இந்தக் காட்டுக்குள்ள என்ன கம்ப்யூட்டர் கம்பெனி"ன்னு சிரிச்சோம். அப்புறம் நம்ம ஊர்ப் பசங்க வேலைக்குப் போக ஆரம்பிச்சதும்தான் உறைச்சது. இன்னைக்கு எந்தக் கம்பெனியில சர்வர் பக்கம் வேலைக்குப் போனாலும் முதல் நாள் கேட்கிற கேள்வி லினக்ஸ் தெரியுமாங்கிறதுதான்.

போன சீசன்ல பக்கத்து வீட்டுப் பையன் வந்திருந்தான். 2012-ல நான் பாஸை அழிச்சுக் கொடுத்த ஆட்கள்ல ஒருத்தன். இப்ப சென்னையில ஒரு டேட்டா சென்டர்ல ராத்திரி ஷிப்ட்டு. ஐந்தருவியில குளிச்சுட்டு ஈரத் துண்டோட திண்ணையில உட்கார்ந்தான்.

"அண்ணே, வேலைக்குச் சேர்ந்தப்ப ஆறு மாசம் செத்தேன். மத்தவன் எல்லாம் மௌன்ட்டு, பெர்மிஷன்னு சர்வ சாதாரணமா பேசுறான். எனக்கு ஒண்ணும் புரியல."

"கோர்ஸ் போயிருக்கலாமே."

"போனேன். இருபத்தஞ்சாயிரம். கடன் வாங்கித்தான்." கொஞ்ச நேரம் கழிச்சு, "நம்ம லேப்டாப்புல இருந்துச்சுல்ல, அதுவும் டெபியன்தானாம்ணே. அங்கே போய்த்தான் தெரியும்."

நான் ஒண்ணும் சொல்லல. என்னத்தைச் சொல்ல?

அந்த லேப்டாப் இன்னும் வீட்டுலதான் இருக்கு, அவன் தங்கச்சி மகன் கேம் விளையாடுறான், ரொம்ப மெதுவா ஓடுதுன்னான். கொண்டு வரச் சொன்னேன். ரெண்டு ஜிபி ராம், பேட்டரி உப்பிப் போச்சு, அதைக் கழட்டி வச்சுட்டு நேரா கரண்ட்ல ஓட்டினோம். டிஸ்க் நல்லாத்தான் இருந்தது. ஆனாலும் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கி மாட்டினோம். டெபியன், அது மேல எக்ஸ்எஃப்சிஇ. ஸ்வாப்புக்கு பதிலா இசட்-ராம், இந்த மாதிரி பழைய மெஷினுக்கு அது பெரிய உதவி. மொழி தமிழ், விசைப்பலகை தமிழ்99. நிறுவுறப்ப கீபோர்டுக்கு முன்னால அவனைத்தான் உட்கார வச்சேன். பார்ட்டிஷன் பிரிக்கிற இடத்துல என்னைத் திரும்பிப் பார்த்து, "இந்த தடவை எதையும் அழிக்கச் சொல்ல மாட்டீங்கல்ல?"ன்னு கேட்டான்.

தங்கச்சி மகனுக்கு ஏழு வயசு. ரூட் பாஸ்வேர்டை அவனே வச்சுக்கிட்டான். என்னன்னு எங்க ரெண்டு பேருக்கும் சொல்ல மாட்டேங்கிறான். :-)